பதில் சொல்லிவிட்டேன், ஆனால் அவள் சொல்லி முடிக்கவே இல்லை

ஒலிவமரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்குழுவைப் பதினோரு வருடமாக நடத்தி வருகிறேன். ஜெபக்குறிப்பு கேட்பது, வசனம் கொடுப்பது, ஆறுதல் சொல்வது எல்லாமே எனக்குச் சரளமாக வரும். அந்தச் சரளம்தான் குறை என்று போன மாதம் தெரிந்துகொண்டேன்.

குழுவில் ஒரு தங்கை. ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது. கூட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எனக்கு ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற ரோமர் 8:28-ஐச் சொன்னேன். இதேபோல் நடந்த இன்னொரு சகோதரிக்கு மறு வருடமே குழந்தை பிறந்த சாட்சியைச் சொன்னேன். பிறகு ஜெபித்தேன், நீளமாகவே. ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு "தேங்க்ஸ் அக்கா" என்றாள், எழுந்து போய்விட்டாள்.

அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. "எனக்கு ஒண்ணு" என்பதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பேசவிடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கூட்டத்துக்கும் அவள் வரவில்லை.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்ற நீதிமொழியை (18:13) எத்தனை முறை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! நாவை அடக்குவது பற்றிய வசனங்கள் எனக்குத் தெரியும், அவற்றைத் தர வேண்டாம். இத்தனை வருடப் பழக்கத்தை மாற்றி, கேட்பதற்கு எப்படிக் கற்றுக்கொள்வது? உங்களில் யாராவது கற்றிருந்தால் சொல்லுங்கள்.

---

கடுகுவிதை

அக்கா, வாசிக்கும்போதே நெஞ்சு கனத்தது. என் அப்பாவும் கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார், நான் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும், உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை நாம் எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் யோபு 2:13-ஐப் பாருங்கள். இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேரால் ஏழு நிமிடம் அப்படி இருக்க முடியும்? கெட்டது எங்கே என்றால், 3-ம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். 4-ம் அதிகாரத்திலேயே எலிப்பாஸ் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஏழு நாள் துக்கத்தைத் தாங்கிய மனிதர்களால் ஒரே ஒரு அதிகாரப் புலம்பலைத் தாங்க முடியவில்லை.

ஏன் தெரியுமா? யோபு சொன்னது அவர்கள் தேவனைப் பற்றிப் படித்து வைத்திருந்ததோடு மோதியது. தேவனுக்குப் பரிந்து பேச ஓடினார்கள். தேவனோ 42:7-ல் அவர்கள் மேல்தான் கோபப்படுகிறார். நாமும் பல நேரம் துக்கப்படுகிறவருக்காகப் பேசுவதில்லை அக்கா. அவர் வாயிலிருந்து வரப்போகும் கேள்விக்குப் பயந்து, அது வெளியே வருவதற்குள் வசனத்தை வைத்து அடைத்துவிடுகிறோம்.

---

பெரோயாக்காரன்

கடுகுவிதை சொன்ன கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன்.

சகோதரி, "எப்படிக் கற்றுக்கொள்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். வேதத்திலேயே இதைக் கேட்டு வாங்கிய ஒருவர் இருக்கிறார். கிபியோனில் சாலொமோன் ராஜா கனவில் தேவனிடம் கேட்ட வரத்தை (1 இராஜாக்கள் 3:9) நாம் "ஞானம்" என்று சுருக்கிவிடுகிறோம். எபிரெயத்தில் அங்கே இருப்பது "லேவ் ஷோமேயா", கேட்கிற இருதயம். அதே தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் முன்னால் ஒரே குழந்தைக்கு இரண்டு தாய்மார் வழக்காடுகிறார்கள். 3:23-ல் அவர் முதலில் வாய் திறப்பது தீர்ப்புச் சொல்ல அல்ல. இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இருவர் பேச்சையும் அப்படியே திருப்பிச் சொல்கிறார். பட்டயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஏசாயா 50:4-ஐயும் பாருங்கள். இளைப்படைந்தவனுக்குச் சமயத்திற்கேற்ற வார்த்தை சொல்லும் நாவைக் கர்த்தர் எனக்குத் தந்தார் என்று தாசன் சொல்கிறார். அந்த நாவு எங்கிருந்து வந்தது? அதே வசனத்தின் பின்பாதியில் காலைதோறும் தேவன் அவருடைய காதைத் திறக்கிறார். நாவுக்கான பயிற்சி காதில் நடக்கிறது.

நம் தமிழிலும் ஒரு கொடை உண்டு. வினவுவதும் செவிகொடுப்பதும் நமக்கு ஒரே சொல்: கேள். உயிர்த்தெழுந்த நாளில் எம்மாவு வழியில், தம்மை அடையாளம் தெரியாத இரண்டு சீஷரிடம், நீங்கள் பேசிக்கொண்டு போகிற காரியம் என்ன என்று இயேசு கேட்டார். இந்நாட்களில் நடந்தது உமக்குத் தெரியாதா என்று கிலெயோப்பா ஆச்சரியப்படுகிறார். உலகத்திலேயே அதை முழுவதும் அறிந்தவர் அவர் ஒருவர்தான், அது நடந்ததே அவருக்கு. அவர் மறுபடியும் "எவைகள்?" என்கிறார். பிறகு லூக்கா 24:19 முதல் 24 வரை குறுக்கே ஒரு சொல் இல்லை. அவர்களுடைய ஏமாற்றம், குழப்பம், பாதி நம்பிக்கை எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகே வேதவாக்கியங்களை விளக்க ஆரம்பிக்கிறார். கடிந்தும் கொள்கிறார், ஆனால் கேட்டு முடித்த பிறகு. "கேட்டார்" என்பதை இரண்டு பொருளிலும் வாசித்துப் பாருங்கள்.

---

தெபொராள்

இந்த இழையில் யாருக்கும் மனத்தாங்கல் வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"அதிகம் கேள், குறைவாகப் பேசு" என்ற பிரசங்கம் எனக்குப் புதிதல்ல. சிறுவயதிலிருந்து எனக்குச் சொல்லித் தந்ததே அதுதான். வீட்டிலும் சபையிலும் அதைச் சொன்னவர்கள் எல்லோரும் நிறையப் பேசுகிறவர்கள். ஒரு தவறு நடந்தபோது மூப்பர்களிடம் சொல்லப் போனேன். "நாவை அடக்கு மகளே" என்று யாக்கோபு 3-ஐ வாசித்துக் காட்டினார்கள். நான் அடக்கினேன். அதனால் வேறு இரண்டு பெண்களும் அதே ஆளால் காயப்பட்டார்கள். அந்தப் பாரம் இன்றைக்கும் என்மேல் இருக்கிறது.

யாக்கோபு எழுதியது "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும்" (1:19). யாவரும் என்றால் மேடையில் இருப்பவரும்தான். நீதிமொழிகள் 31:8 பேச முடியாதவனுக்காக உன் வாயைத் திற என்கிறது. தன் ஜனத்தைக் காப்பாற்ற ராஜாவிடம் பேசிய எஸ்தர் மவுனமாயிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏற்கெனவே பேச்சு மறுக்கப்பட்ட ஒருவரிடம் போய் "குறைவாகப் பேசு" என்பது ஆவிக்குரிய ஆலோசனை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரு சகோதரி என்னை உண்மையாகவே உட்காரவைத்துக் கேட்டார். குறுக்கிடவில்லை, அழுதார்கூட. அடுத்த வாரம் நான் சொன்னது மூன்று குழுக்களில் ஜெபக்குறிப்பாக ஓடியது. அவர் காதைக் கொடுத்தார், வாயைக் காக்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கப் பல வருடமானது.

---

மூப்பன்

சகோதரி தெபொராள், நானும் ஒரு காலத்தில் மேய்ப்பனாக இருந்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்களிடம் யாக்கோபு 3-ஐ வாசித்தவர்களில் நான் இல்லை. ஆனால் அப்படி வாசித்திருக்கக்கூடிய மனிதனாக முப்பது வருடம் இருந்தேன். நீங்கள் எழுதியதற்கு விளக்கமோ சமாதானமோ நான் சொல்லப் போவதில்லை. வாசித்தேன். நீங்கள் சொன்னது உண்மை.

ஆசாரியன் ஏலியை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து ஜெபிக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. ஆசாரியன் அவளைக் குடிவெறியில் இருப்பவளாக எண்ணி அதட்டுகிறான். கேட்பதற்கு முன்பே தீர்ப்பு! அவள் எதிர்த்து நின்று விளக்கிய பிறகுதான் சமாதானத்தோடே போ என்கிறான். அவளைத் தப்பாகக் கேட்ட அதே ஏலிதான் பிற்பாடு அவள் மகனுக்கு, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறான். தவறாகக் கேட்ட ஒருவன் கேட்பதற்குக் கற்றுக்கொடுக்கிறவனாக ஆனான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒலிவமரம் தங்கைக்கும் அதுவே ஆறுதலாக இருக்கட்டும்.

யாக்கோபு சொன்னதைத் தாமே செய்தவர். சபையின் பாரம்பரியம் அந்த நிருபத்தை எழுதியவரையும் எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபையும் ஒருவராகவே கொள்கிறது. அப்போஸ்தலர் 15-ல் பெரிய தர்க்கம். பேதுரு பேசுகிறார். கூட்டம் முழுவதும் அமைந்திருந்து பர்னபாவும் பவுலும் சொல்வதைக் கேட்கிறது. "அவர்கள் பேசி முடிந்தபின்பு" தான் யாக்கோபு எழுந்திருக்கிறார். எழுந்ததும் பேதுரு என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்குகிறார். நான் நடத்திய கமிட்டிக் கூட்டங்களில் முதலில் பேசுகிறவனும் நான், முடிவு சொல்கிறவனும் நான்.

6-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு "கேள்" என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அதில் ஒரு விதி உண்டு. முக்கியமான காரியம் வந்தால் மடத்தின் தலைவர் எல்லோரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். நல்லது எதுவென்று கர்த்தர் பலமுறை வயதில் இளையவருக்கே வெளிப்படுத்துவதால் எல்லோரையும் அழைக்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறார். தெபொராள் கேட்கிறதும் இதுதான் என்று நினைக்கிறேன். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, கேட்கும் கடமை முதலில் அவருக்கு.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது என் மனைவி. "நீங்க மூச்சை இழுக்கிற சத்தத்திலேயே தெரியுது, அடுத்தது பேசப்போறீங்கன்னு. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் நிறுத்திடுறாங்க" என்றாள். அன்றிலிருந்து வீடு சந்திக்கப் போகும்போது நான் அந்த மூச்சைத்தான் கவனித்தேன். எகிப்தின் பாலைவனத் தந்தையரில் ஒருவரான அகத்தோன், மவுனம் பழக மூன்று வருடம் வாயில் ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தார் என்பார்கள். எனக்குக் கல் தேவைப்படவில்லை. இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டால் போதுமாயிருந்தது. பலர் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் சொல்ல வந்ததைச் சொன்னார்கள்.

---

இரவுப்பணி

நான் நர்ஸ். குணமாகமாட்டார்கள் என்று தெரிந்த நோயாளிகளின் வார்டில் பல வருடமாக வேலை. இரவு இரண்டு மணிக்கு மேல்தான் மனிதர்கள் பேசுவார்கள்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். "இதை நேத்தே சொல்லிட்டீங்க" என்று புதிதாக வருகிற பிள்ளைகள் சொல்லிவிடும். நான் அவர்களுக்குத் தீர்க்கதரிசி எலியாவைக் காட்டுவேன். ஓரேப் மலையில் கர்த்தர் கேட்கிறார், எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்? எலியா ஒரு நீண்ட குறை சொல்கிறார். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, பிறகு அமர்ந்த மெல்லிய சத்தம். மறுபடியும் அதே கேள்வி. எலியா மறுபடியும் அதே பதில், சொல்லுக்குச் சொல் (1 இராஜாக்கள் 19:10, 14). "இதை முன்பே சொன்னாயே" என்று தேவன் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைக் கொடுக்கிறார்.

"நேரமில்லை" என்பதுதான் எங்கள் வார்டில் பெரிய சாக்கு, அது பொய்யும் இல்லை. ஆனால் யவீரு பக்கத்தில் நிற்கிறார், பன்னிரண்டு வயது மகள் சாகக்கிடக்கிறாள். அந்த அவசரத்தில் இயேசு நின்று, பன்னிரண்டு வருடம் பாடுபட்ட ஸ்திரீ "உண்மையையெல்லாம்" சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார். அவள் தொட்டவுடனேயே சுகமாகிவிட்டாள். சிகிச்சை முடிந்துவிட்டது. பின்னே எதற்காக நின்றார்? அவள் சொல்வதற்காக.

அக்கா, நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்ததும், "நான் ஏதாவது சொல்லணுமா, இல்லே சும்மா கேட்டுட்டு இருக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவேன். முக்கால்வாசிப் பேர் "சும்மா இரும்மா" என்பார்கள். ஜெபம் வேண்டுமா என்றும் கேட்பேன், வேண்டாம் என்றால் கோபமில்லை. உள்ளுக்குள் ஜெபிக்க அனுமதி தேவையில்லையே.

---

பெரோயாக்காரன்

தெபொராள் அவர்கள் சொன்ன ஜெபக்குறிப்பு விஷயத்துக்கு ஒரு வார்த்தை. ஹிட்லர் காலத்து ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் ஃபிங்கன்வால்டேயில் ஒரு போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 1937-ல் ரகசியப் போலீஸ் அதை மூடியது. அங்கே அவர் மாணவர்களுக்கு வைத்த ஒரு கட்டளை: உடன் இருப்பவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்த மாணவர்கள், தாங்கள் கேட்ட பிரசங்கங்களுக்கும் செய்த படிப்புக்கும் ஏறக்குறைய இணையாக இதிலிருந்து கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கேட்டதைக் காப்பதும் கேட்பதில் அடங்கும். "அவருக்காக ஜெபியுங்கள்" என்று தொடங்கினாலும் புறங்கூறுதல் புறங்கூறுதல்தான்.

---

ஒலிவமரம்

ஆறு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

தெபொராள், உங்கள் பதிவை வாசித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அன்று அந்தத் தங்கைக்கு நான் சொன்ன "சாட்சி" இன்னொரு சகோதரியுடையது. அவள் அதை என்னிடம் மட்டும் சொன்னாள். அதை மற்றவர்களிடம் சொல்லலாமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பல வருடமாகப் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். நேற்று அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்குத் தெரியும் அக்கா" என்றாள். அந்த மூன்று வார்த்தையைச் சுமந்துகொண்டு இருக்கிறேன்.

தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்தே. நான் கேக்கலே. மன்னிச்சுக்கோ. நீ கூப்பிட்டா வர்றேன்." இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு "சனிக்கிழமை வாங்க அக்கா" என்று வந்தது.

போனேன். இரவுப்பணி சொன்ன கேள்வியைக் கேட்டேன். மூப்பன் ஐயா சொன்ன மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலைந்து முறை வசனம் நாக்கு நுனிவரை வந்தது, நல்ல வசனங்கள்தான். விழுங்கினேன். ஒரு கட்டத்தில் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை, சுவரில் கடிகாரம் மட்டும் ஓடியது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன். நான் நினைத்திருந்த எதுவும் இல்லை என்பது மட்டும் போதும். ரோமர் 8:28 அதற்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.

---

மூப்பன்

ஸ்தோத்திரம். வாசித்தேன் தங்கையே.

---

ஒலிவமரம்

இழையை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தேன். தம்பி கடுகுவிதை, நீங்கள் முதல் பதிவிலேயே அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு "அது இருக்கட்டும்" என்று எனக்கு ஆலோசனை சொல்லப் போய்விட்டீர்கள். ஒரு வாரமாக நாங்கள் எல்லோரும் கேட்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம், அந்த வரியை யாரும் கேட்கவில்லை. நானும்தான். சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள் தம்பி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

---

கடுகுவிதை

அக்கா, நேற்று இதைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அப்பா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நாள் என்று எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் நான் சங்கீதம் 91 வாசித்துக்கொண்டிருந்தேன், சத்தமாக. அவருக்குப் பிடித்த சங்கீதம். பாதியில் அவர் கையைத் தூக்கினார். ஆமென் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் சத்தமாக வாசித்தேன். மறுபடியும் தூக்கினார், உதடு அசைந்தது. முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று கடைசி வசனம்வரை வாசித்தேன். பதினாறு வசனம்தான். முடித்துப் பார்த்தபோது தூங்கியிருந்தார். அதற்குப் பிறகு எழவில்லை.

சபையில் எல்லோரும், "மகன் சங்கீதம் வாசிக்கக் கேட்டுக்கொண்டே போனார், எவ்வளவு ஆசீர்வாதமான மரணம்" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். நாலு வருடமாகிறது. அவர் கை ஆமென் சொல்லவில்லை, நிறுத்து என்றுதான் சொன்னது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

---

ஒலிவமரம்

கேட்டேன் தம்பி.

அப்பா சாதாரண நாளில் எப்படிப் பேசுவார்?

---

கடுகுவிதை

ரொம்ப மெதுவாக. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி யோசிப்பார். சின்ன வயதில் எனக்குப் பொறுமை இருக்காது, மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். சரியாகத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், அவர் சிரிப்பார். ஒரே ஒரு தடவை மட்டும், "அது இல்லைடா" என்றார். பிறகு என்ன என்று நான் கேட்டேன் அக்கா. அந்தத் தடவை கேட்டேன். மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் பேசினார்.

இன்னும் நிறைய இருக்கிறது. நாளைக்கு எழுதட்டுமா?

---

இரவுப்பணி

எழுதுங்கள். நான் இன்று இரவு முழுவதும் விழித்திருப்பேன்.